அபின் ‘ஃபார்ம்’ எங்கே இருந்தது? பழைய சிங்கப்பூர்ப் பத்திரிகைகளைப் படிக்க ஒரு வழி

கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷம் பில் போட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, தேசிய நூலகம் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளைப் புரட்ட ஆரம்பித்தேன். முதல் மாதமே ஓர் அசட்டுத்தனம். ‘ஓபியம் ஃபார்ம்’ என்று திரும்பத் திரும்ப வந்தது. அபின் செடி பயிரிட்ட தோட்டமாக்கும் என்று பழைய வரைபடத்தை விரித்து இரண்டு நாள் தேடினேன். கிடைக்குமா? அது தோட்டமே இல்லை, அபின் விற்கும் உரிமையை விட்ட குத்தகை. நம் ஊரில் சாராயக் கடையை ஏலம் விட்டார்களே, அந்த மாதிரி.

அந்த ஒரு சொல் பிடிபட்டதும் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்தது. அதனால் உங்களுக்கும் அதிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1819 முதல் எல்லாவற்றையும் படிக்கிறேன் என்று இறங்கினால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். 1846, 1847 மாதிரி ஏதாவது ஒரு வருஷம் நல்லது. 1835-இல் தொடங்கிய ‘சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்’, 1845-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ இரண்டும் அப்போது வந்துகொண்டிருந்தன. ஒன்று சொன்னதை மற்றது மறுக்கும், நமக்கு வசதி.

தலையங்கத்தைத் தொடாதீர்கள். விலைப் பட்டியலுக்குப் போங்கள். மிளகு, கேம்பியர், வெள்ளீயம், அரிசி, பிரம்பு என்று போகும். விலை டாலரில் இருக்கும், நம்மவர்கள் வாயில் வெள்ளி. அளவு பிக்குல். ஒரு பிக்குலுக்கு 100 கட்டி, ஒரு கட்டி ஏறக்குறைய 600 கிராம், ஆக பிக்குல் என்பது அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 40 பிக்குல் ஒரு கோயான். இதை ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் கோயானையும் பிக்குலையும் குழப்பி, ஒரு கப்பலில் வந்த அரிசியை நாற்பது மடங்கு குறைத்து எழுதிய நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

பட்டியலில் கேம்பியரையும் மிளகையும் சேர்த்துப் பாருங்கள். அவை இரண்டும் இரண்டு பயிர் அல்ல, ஒரே பிழைப்பு. கேம்பியர் என்பது ஒரு செடி, அதன் இலையைப் பறித்துப் பெரிய கொப்பரையில் காய்ச்சிச் சாற்றை இறுக்குவார்கள். தோல் பதனிடவும் சாயத்துக்கும் வெற்றிலைக்கும் அது போகும். சக்கை மிளகுக் கொடிக்கு உரம். காய்ச்ச விறகு வேண்டும், அதனால் தோட்டத்தைச் சுற்றிக் காடு காலி. பதினைந்து, இருபது வருஷத்தில் மண் ஓய்ந்துவிடும். அப்புறம் தோட்டத்தைப் போட்டுவிட்டு அடுத்த ஆற்றுக்கு நகர்வார்கள். 1840-களில் பலர் நீரிணையைத் தாண்டி ஜொகூருக்கே போனார்கள். அங்கே ஆட்சி செய்த மலாய்த் தலைவரான தெமெங்கோங் ஆற்றுக்கு ஆறு உரிமைச் சீட்டு கொடுத்தார். சீட்டு வாங்கிய ஆற்றுத் தலைவர் ‘காங்சு’. இன்றைக்கு நாம் பேருந்தில் படிக்கும் லிம் சூ காங், சுவா சூ காங், இயோ சூ காங் என்ற இடப்பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்து மிச்சம்தான். ‘புலி’ என்ற செய்தி கண்ணில் பட்டால் தாண்டிப் போகாதீர்கள். புலி ஆளை அடித்த இடம் பெரும்பாலும் புதிதாகக் காடு வெட்டிய கேம்பியர்த் தோட்டமாக இருக்கும். விவசாயம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

வெள்ளைக்காரத் துரைமார் ஜாதிக்காய் வைத்தார்கள், நோய் வந்து 1860-களின் தொடக்கத்துக்குள் எல்லாம் போயிற்று. ஆர்ச்சர்ட் ரோடு என்ற பெயர் மட்டும் நின்றது.

இனி குத்தகைக்கு வருவோம். சிங்கப்பூர் சுங்கமில்லாத் துறைமுகம். சரக்குக்கு வரி கிடையாது என்றால் போலீஸ் சம்பளம் எங்கிருந்து வரும்? அபின், சாராயக் குத்தகையிலிருந்து. 1820-இலேயே சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் ஃபார்குவார் இதைத் தொடங்கினார், குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த நூற்றாண்டில் அரசாங்க வருமானத்தில் சுமார் பாதியை அபின் ஒன்றே கொடுத்தது. அதிக ஏலம் கேட்டவருக்கு அபினைக் காய்ச்சிச் சில்லறையில் விற்கும் தனியுரிமை. வாங்கிப் புகைத்தவர்கள் பெரும்பாலும் சீனக் கூலிகள், அவர்களில் கேம்பியர்த் தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர்.

ஆகவே குத்தகை ஏல அறிவிப்பைக் கண்டால், அதே மாதத்துக் கேம்பியர் விலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு அரிசியும் அபினும் கடனாகக் கொடுத்த தவுக்கே, அதாவது சீன முதலாளி, நகரத்தில் இருப்பார். விலை இறங்கினால் அவர் கை கட்டிப்போகும், குத்தகைதாரர் கையும்தான். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் வியாபாரப் பக்கமும் விவசாயச் செய்தியும் அரசியல் சண்டையும் ஒரே கணக்குப் புத்தகமாகத் தெரியும்.

இப்போது தலையங்கம் படிக்கலாம். கல்கத்தாவிலிருந்து ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கத்தை வியாபாரிகள் திட்டுவது ஏன் என்று புரியும். வரிப் பேச்சு எழுந்தாலே கூட்டம், மனு. 1837-இல் வர்த்தகச் சங்கம் வந்தது. கடையில் ஓடியது வெள்ளி, கம்பெனிக் கணக்கில் ரூபாய். ரூபாயைத் திணிக்கப் பார்த்தபோது பெரிய சத்தம். இந்தியாவிலிருந்து கைதிகளை அனுப்புவதும் ஒரு குறை. அதே ஆட்களைக் கொண்டுதான் சாலையும் போட்டார்கள், அதை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. 1857-இல் மனு போட்டு, 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி நேரடி முடியாட்சிக் காலனி ஆனார்கள். அந்த மனுக்களில் கையெழுத்துப் போட்டவர்கள் யார், எந்தக் கடைக்காரர்கள் என்று விளம்பரப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனுவில் பேசும் ‘பொதுமக்கள்’ எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும்.

நம்மவர்களைத் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ‘தமிழர்’ என்று போட்டால் அதிகம் வராது. அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகை ‘கிளிங்’ (தென்னிந்தியர்), ‘சூலியா’ (தமிழ் முஸ்லிம்), ‘செட்டி’ (செட்டியார்) என்றுதான் எழுதும். முதலாவது இன்று வசவு, ஆனால் தேட அதுதான் வேண்டும். பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். ராஃபிள்ஸோடு 1819-இல் வந்து செங்கல் சூளை போட்ட நாராயண பிள்ளையின் பெயரே ஆளுக்கு ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. அச்சு மங்கியிருந்தால் கணினி எழுத்தை மாற்றிப் படித்துவிடும், அதனால் தேடலில் வரவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அந்த வாரத்து இதழ்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். 1887-இல் மக்தூம் சாகிபு தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வரைக்கும் வந்துவிட்டால், அங்கே கிளிங் கிடையாது, நம் எழுத்திலேயே நம் ஆட்கள் சண்டை போட்டுக்கொள்வதைப் படிக்கலாம்.