லொக் புக் எழுதும் முறை: இரத்மலானையில் பறக்கத் தொடங்கியவர்களுக்கு

சிபிஎல் (தொழில்முறை விமானி உரிமம்) விண்ணப்பத்துக்காக என் லொக் புக்கை, அதாவது பறந்த நேரத்தை எழுதும் புத்தகத்தை, கூட்டிப் பார்த்தபோது 201 மணித்தியாலம் வந்தது. 200 போதும் என்பதால் அன்றைக்கே வீட்டில் பலகாரம். இரண்டு நாள் கழித்து ஒரு மூத்த இன்ஸ்ட்ரக்டர் அதே புத்தகத்தை விமானத்தின் பதிவோடு வரிவரியாக ஒப்பிட்டுவிட்டு, "தம்பி, உமக்கு 197தான் இருக்கு" என்றார். எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹொப்ஸ் மீற்றரில் 1.3 என்று காட்டியதை நான் 1:30 என்று எழுதியிருக்கிறேன். அந்தப் புள்ளி 3 ஒரு மணித்தியாலத்தில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 18 நிமிடம். இப்படி இருபத்துச் சொச்சம் பறப்புகளில் பத்துப் பத்து நிமிடமாகக் கூடி நாலு மணித்தியாலம் ஆகிவிட்டது. அந்த நாலையும் திரும்பப் பறந்தேன். அதற்குப் போன காசை இப்போது நினைத்தாலும் வயிறு எரியும்.

ஆகவே இதைப் படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு முதல் வேலை: லொக் புக்கின் முதல் பக்கத்திலேயே நீங்கள் நேரத்தை எப்படி எழுதப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள், மணி-நிமிடமா, தசமமா. இரண்டையும் கலக்கவே வேண்டாம். தசமம் என்றால் 6 நிமிடம் 0.1. மணி-நிமிடம் என்றால் கல்குலேட்டரை நம்பாதீர்கள், 1.30ஐயும் 0.50ஐயும் தட்டினால் அது 1.80 என்று காட்டும், உண்மையில் நீங்கள் பறந்தது 2 மணி 20 நிமிடம். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள், நான் உட்பட.

எந்த நேரத்தை எழுதுவது என்பது அடுத்த குழப்பம். ஐகாவோவின் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) கணக்கில் பறப்பு நேரம் என்பது புறப்படுவதற்காக விமானம் முதலில் அசைந்த கணத்திலிருந்து, பறப்பு முடிந்து கடைசியாக நின்ற கணம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதற்குள் வரும். பராமரிப்புக்காரர்கள் பார்ப்பது வேறு: சில்லு தரையை விட்டதிலிருந்து திரும்பத் தொட்டது வரை. அதனால் ஒரே பறப்புக்கு உங்கள் புத்தகத்தில் 1:20 என்றும், விமானத்தின் எயர்ஃபிரேம் (விமான உடல்) பக்கத்தில் 1:05 என்றும் இருப்பது பிழையல்ல. உங்கள் புத்தகத்தில் 1:20, விமானத்தின் பயணப் பதிவேட்டில் அதே நிரலில் 1:35 என்றிருந்தால்தான் பிழை.

பயணப் பதிவேடு என்று நான் சொல்வது விமானத்துக்குச் சொந்தமான ஜேர்னி லொக். உங்களுடையது உங்கள் சரித்திரம், அது விமானத்தின் சரித்திரம், பள்ளியில் கையொப்பமிட்டுப் போகும் பறப்பு அனுமதித் தாள் மூன்றாவது சாட்சி. விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறவர் உங்களை அறியாதவர், நீங்கள் எவ்வளவு நன்றாக இறக்குவீர்கள் என்பது அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. ஒரு நாளைத் தற்செயலாக எடுத்து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஜேர்னி லொக்கில் என்ன எழுத வேண்டும் என்று ஐகாவோ விதிகளின் 6ஆம் இணைப்பான அனெக்ஸ் 6 சொல்வது நீளமான பட்டியல் இல்லை: விமானத்தின் பதிவு அடையாளம், திகதி, பறந்தவர்களின் பெயரும் அவரவர் பொறுப்பும், புறப்பட்ட இடமும் நேரமும், சேர்ந்த இடமும் நேரமும், பறந்த மணித்தியாலம், பறப்பின் வகை, ஏதாவது நடந்திருந்தால் அது, கடைசியில் பொறுப்பு விமானியின் கையொப்பம். அப்போதைக்கு அப்போதே எழுத வேண்டும், மையால் அல்லது அழியாத பென்சிலால் எழுத வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அழியாத பென்சிலை இந்தக் காலத்தில் யார் கண்டது, போல்பொயிண்ட் பேனை ஒன்று போதும். ஜெல் பேனை மட்டும் வேண்டாம். மத்தியானம் செஸ்னாவுக்குள் இருந்து எழுதிப் பாருங்கள், முழங்கை வேர்வையில் மேல் வரி முழுக்கக் கரைந்துவிடும்.

இடத்தை எழுதும்போது 'கொழும்பு' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். கொழும்பு என்றால் இரத்மலானையா, கட்டுநாயக்கவா? பெயரளவில் இரண்டுமே கொழும்புதான். நாலெழுத்துக் குறியீட்டை எழுதுங்கள்: இரத்மலானைக்கு விசிசிசி, கட்டுநாயக்கவுக்கு விசிபிஐ, யாழ்ப்பாணத்துக்கு விசிசிஜே. பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனதால் பழைய பக்கங்களில் ஒரு பெயரும் புதிய பக்கங்களில் இன்னொரு பெயரும் இருக்கும் புத்தகங்கள் உண்டு, குறியீடு எழுதியிருந்தால் அந்தத் தலையிடி இல்லை.

நேரம் யூடிசியில்தான், அதாவது உலகப் பொது நேரத்தில். நமக்கு அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. காலை 6.45க்குப் புறப்பட்டால் 01:15, அதில் சிக்கல் இல்லை. சிக்கல் விடியற்காலை 5.30க்கு முன் புறப்படும்போது வருகிறது. 5ஆம் திகதி அதிகாலை 3.40க்குக் கட்டுநாயக்கவில் கிளம்பியவர் 22:10 என்று சரியாக எழுதிவிட்டுத் திகதியை 5 என்றே விட்டுவிடுவார். யூடிசியில் அது 4ஆம் திகதி. இப்படி எழுதினால் அவர் ஒரு நாள் பிந்திப் பறந்தவராகிவிடுவார். பின்னாளில் எயர்லைன் ஒன்றில் கடமை நேரக் கணக்குப் பார்க்கிறவர்கள் முதலில் இழுத்துப் பிடிப்பது இதைத்தான்.

அப்புறம் நிரல்கள். இன்ஸ்ட்ரக்டரோடு பறந்தது டூவல், தனியே பறந்தது சோலோ. டூவல் பறப்பில் பொறுப்பு விமானி இன்ஸ்ட்ரக்டர்தான், அந்த நேரத்தை நீங்களும் பிஐசி (பொறுப்பு விமானி) நிரலில் போட்டால் ஒரே பறப்புக்கு இரண்டு பொறுப்பு விமானிகள் வந்துவிடுவார்கள். பிபிஎல்லுக்கு (தனியார் விமானி உரிமம்) அனெக்ஸ் 1 கேட்பது மொத்தம் 40 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாக இருந்தால் 35. அதற்குள் சோலோ 10, அந்தப் பத்துக்குள் தனியே தூரப் பறப்பு 5, அதில் ஒன்று 270 கிலோமீற்றருக்குக் குறையாமல் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுமையாக இறங்கியதாக இருக்க வேண்டும். இந்த ஒரு பறப்பை எழுதும்போது கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி வரி போடுங்கள், குறிப்பு நிரலில் தூரத்தையும் எழுதுங்கள். "தூரப் பறப்பு, 3:10" என்று ஒற்றை வரியில் முடித்தவர் பிறகு அனுமதித் தாளைத் தேடிப் பள்ளி அலுமாரியைக் கிண்டிக்கொண்டிருப்பார்.

பிழை விட்டால் டிப்பெக்ஸ் பூசவே கூடாது. ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது வாசிக்கக்கூடிய மாதிரி, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், திகதி. நாலு இடத்தில் வெட்டித் திருத்திய பக்கம் அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். வெள்ளை பூசிய ஒரு கட்டம் இருந்தாலே அந்தப் புத்தகம் முழுவதையும் ஐமிச்சத்தோடு பார்ப்பார்கள். பக்கம் நிரம்பியதும் கூட்டி, கொண்டுவந்த தொகையோடு சேர்த்து, இன்ஸ்ட்ரக்டரின் கையொப்பத்தை அந்தக் கிழமைக்குள்ளேயே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் மாலைதீவில் கடல்விமானம் ஓட்டிக்கொண்டிருப்பார், நீங்கள் வட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருப்பீர்கள்.

விமானத்தில் கோளாறு இருந்தால் எழுதுவது தனிக் கலை. "எஞ்சின் சரியில்லை" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான், இன்ஜினியர் எதை என்று தேடுவார்? செஸ்னா 152இல் ரன்-அப்பின்போது (புறப்பட முன் எஞ்சினைச் சோதிப்பது) 1700 ஆர்பிஎம்மில் மக்னீற்றோவை, அதாவது பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவியை, பார்ப்போம், ஒரு பக்கத்துக்கு மாற்றினால் 125க்கு மேல் விழக்கூடாது, இரண்டு பக்கத்துக்கும் இடையில் 50க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. அப்படியானால் எழுத வேண்டியது: "1700இல் இடது மக்னீற்றோவில் 180 விழுந்தது, வலதில் 70, எஞ்சின் நடுங்கியது." இதைப் பார்த்ததும் அவர் பிளக்கைக் கழற்றப் போய்விடுவார். அவர் வேலையை முடித்துக் கையொப்பமிட்ட பிறகுதான் அந்த விமானம் பறக்கலாம். "பிளக் மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னது கணக்கில் இல்லை.

பராமரிப்புப் பதிவுகள் உங்கள் பொறுப்பு இல்லைதான், ஆனாலும் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. அனெக்ஸ் 6இன்படி செய்த வேலைகளின் விரிவான பதிவு, பராமரிப்பு விடுவிப்பில் (வேலை சரியாக முடிந்தது என்ற சான்று) கையொப்பமிட்டதிலிருந்து குறைந்தது ஒரு வருடம். மொத்த மணித்தியாலம், கட்டாய அறிவுறுத்தல்கள், மாற்றங்கள் போன்ற விமானத்தின் ஆயுள் கணக்குகள் அந்த விமானமோ பாகமோ சேவையிலிருந்து நிரந்தரமாக விலகிய பிறகும் 90 நாள். நிரம்பிய ஜேர்னி லொக்கோ கடந்த ஆறு மாதத்தைத் தொடர்ச்சியாகக் காட்டினால் போதும் என்கிறார்கள். அதாவது உங்கள் மூன்று வருடத்துக்கு முந்திய பறப்புக்குச் சாட்சி சொல்ல விமானத்தின் புத்தகம் அங்கே இருக்கும் என்று எண்ணி இருக்காதீர்கள். மாதம் ஒருமுறை உங்கள் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். ஜேர்னி லொக்கின் அந்த வரிகளையும் பள்ளியில் கேட்டுப் படம் எடுங்கள், தரமாட்டோம் என்று சொன்னால் இன்னொரு தரம் பணிவாகக் கேளுங்கள்.

மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) முடியும் திகதியை லொக் புக்கின் உள்ளட்டையில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தொழிலாகப் பறக்கப் போகிறவருக்கு வகுப்பு 1 வேண்டும், அது பொதுவாக 12 மாதம் செல்லும். அதை முதல் நாளே எடுத்துவிடுவது புத்தி. 150 மணித்தியாலம் பறந்த பிறகு கண்ணில் ஒரு குறை என்று தெரியவருவதை விட, காசு கட்டுவதற்கு முன் தெரிவது எவ்வளவோ மேல். ஆங்கிலத் தேர்ச்சி மட்டம் 4 என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும், 5 என்றால் ஆறு வருடத்துக்கு ஒருமுறையும் திரும்பப் பரீட்சை, 6 என்றால் திரும்ப இல்லை.

கடைசியாகப் பெயர். இது நம் ஆட்களுக்கே உரிய தொல்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தமிழில், அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், ஓ/எல் சான்றிதழில் முதலெழுத்துகள், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முன்னால் வந்து அதுவே உங்கள் பெயராகிவிடும். சிவகுமார் என்ற பெயரில் 'வ'வுக்கு எந்த ஆங்கில எழுத்து, 'கு'வுக்குப் பின் எத்தனை எழுத்து என்று நாலு கடதாசியும் நாலு விதமாகச் சொல்லும். பறக்கத் தொடங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் உள்ளதை ஒரு எழுத்து மாறாமல் லொக் புக், மெடிக்கல், பரீட்சை விண்ணப்பம் எல்லாவற்றிலும் எழுதுங்கள். பிறப்புப் பத்திரத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது பாஸ்போர்ட் கொப்பியையும் சேர்த்துக் கொடுத்து அதே எழுத்துக்கூட்டலில் கேளுங்கள். ஏற்கனவே குழம்பியிருந்தால் இன்னார்தான் இன்னார் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதில் மூலம் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருங்கள்.

சிவில் விமான சேவைகள் அதிகாரசபை இப்போது கட்டுநாயக்கவில், மினுவாங்கொடை வீதியில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து போகிறவர் கோட்டைக்குப் போய் 187 பஸ் பிடிக்கலாம். காலையிலேயே போங்கள், எல்லாவற்றினதும் மூலப் பிரதியையும் போட்டோக் கொப்பியையும் வெவ்வேறு பைலில் வையுங்கள், லொக் புக்கைக் கைப்பையில் வைத்து மடியிலேயே வைத்திருங்கள். அங்கே போய் நிரப்ப வேண்டிய போம் ஏதாவது ஒன்று எப்படியும் மிஞ்சும், நீலப் பேனை ஒன்றும் கறுப்புப் பேனை ஒன்றும் கொண்டுபோங்கள்.