பைக் வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி

வேலைய விடலாமா வேணாமா, வீடு மாத்தலாமா வேணாமா, லோன் போட்டு பைக் எடுக்கலாமா வேணாமா, நமக்கு வர்ற கேள்வி முக்கால்வாசி இப்படித்தான் வருது, அதுலயே சிக்கிக்கிறோம். இப்படி கேட்டுட்டா மூணாவதா ஒரு வழி இருக்கும்னு மனசு தேடவே தேடாது. அதனால மொதல் வேலையா ஒரு நோட்டு எடுத்து உங்கள உறுத்துற விஷயத்த ஒரே வரியில எழுதுங்க, அந்த வரியில தீர்வு இருக்கக் கூடாது. பைக் வாங்கணும்ங்கிறது பிரச்சன இல்ல, அது நீங்களா முடிவு பண்ணிக்கிட்ட பதில். வாரத்துல மூணு நாள் ஆபீஸுக்கு லேட்டாப் போறேன், இதுதான் பிரச்சன.

இத வச்சே பாப்போம். பெரம்பூர்ல வீடு, தரமணில ஆபீஸ்னு வைங்க. ஏன் லேட்டு? வழக்கமா புடிக்கிற ட்ரெயின விட்டுடுறோம். ஏன்? வீட்ட விட்டு கெளம்பவே லேட்டு. ஏன்? குளிக்கப் போனா குழாயில காத்துதான் வருது. ஏன்? சம்ப்புல தண்ணி இருக்கு, மேல் டேங்க் காலி. ஏன்? மோட்டார் போடுறது யார் வேலைன்னு ஃப்ளாட்ல பேசி வைக்கல, மொதல்ல எந்திரிக்கிறவங்க போட்டுப்பாங்கன்னு எல்லாரும் விட்டுடுறாங்க. இப்போ வாட்ஸப் குரூப்ல பேசி, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி மோட்டார் போட வீட்டுக்கு ஒரு வாரம்னு முறை வச்சா முடிஞ்சுது, மாசாமாசம் ஈ.எம்.ஐ. கட்ட வேண்டியதே இல்ல.

இது டயோட்டா ஃபேக்டரில இருந்து வந்த முறை, மெஷின் நின்னா அஞ்சு தடவ ஏன்னு கேளுன்னு அங்க இன்ஜினியரா இருந்த டாயிச்சி ஓனோ சொல்லுவாரு. அஞ்சுங்கிறது கணக்கு இல்ல, மூணுலயே கெடைச்சாலும் சரி. உங்களால மாத்த முடிஞ்ச ஒரு காரணம் வந்ததும் நிறுத்துங்க. ஆனா பதில் ஒரு ஆளு மேல போய் நின்னா, அவன் சோம்பேறி, அவங்களுக்கு அக்கறை இல்லன்னு வந்தா, அங்க நிக்காதீங்க, அது காரணம் இல்ல கோவம், இன்னொரு ஏன் கேளுங்க. ஆபீஸ்ல இதத்தான் நெறைய பேர் தவற விடுறாங்க.

பிரச்சன தெளிவாயிடுச்சு, இப்போ முடிவு. கேக்க வேண்டிய மொத கேள்வி, இது சரிவரலன்னா திரும்பி வர முடியுமா, வர்றதுக்கு எவ்ளோ செலவு. எந்த ஜிம்ல சேரலாம், எந்த ஃபோன் வாங்கலாம், இதுக்கெல்லாம் ஒரு வாரம் மண்டைய ஒடச்சுக்காதீங்க, அரை மணி நேரம் போதும். வேலைய விடுறது, வீடு வாங்குறது, சேமிப்பப் போட்டு தொழில் ஆரம்பிக்கிறது, இதுக்குத்தான் நேரம் குடுக்கணும்.

திரும்பி வர்ற செலவ நாமளே கொறைக்கவும் முடியும், இத யாரும் யோசிக்கிறதே இல்ல. சென்னைல வாடகை வீட்டுக்கு பத்து மாச அட்வான்ஸ் கேக்குறது பழைய வழக்கம், அந்தப் பணம் மாட்டிக்கிட்டா வீடு புடிக்கலன்னாலும் காலி பண்ண யோசிப்பீங்க. தமிழ்நாட்டோட 2017 வாடகை சட்டத்துல, வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலன்னா 3 மாச வாடகைதான் அட்வான்ஸ், அத சொல்லி கொறைச்சுப் பேசுங்க. வேலைன்னா புது ஆஃபர் லெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ரிசைன் பண்ணாதீங்க.

அடுத்தது தகவல், அதுவும் சரியான ஆளுகிட்ட. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடு பாக்குறீங்க, புரோக்கர் தண்ணியே நிக்காது சார்னு சொல்லுவாரு, அவருக்கு கமிஷன் வரணும், வேற என்ன சொல்லுவாரு. தெருமுனைல இஸ்திரி போடுறவர்கிட்ட கேளுங்க, 2015 டிசம்பர்ல எவ்ளோ தூரம் வந்துச்சு, 2023 மிக்ஜாம் புயல்ல எவ்ளோன்னு, அவரு முட்டி, இடுப்புன்னு கை வச்சே காட்டிடுவாரு. அப்புறம் நீங்களே பாருங்க, காம்பவுண்ட் சுவத்துல கறை எந்த ஒயரத்துல நிக்குது, ஈ.பி. மீட்டர் பாக்ஸ மேல ஏத்தி மாட்டியிருக்காங்களா, ரோடு மேல மேல போட்டு வாசல் பள்ளத்துல கெடக்கா. முடிஞ்சா மழை கொட்டுற அன்னிக்கு ஒரு நடை போய்ட்டு வாங்க. எந்த முடிவா இருந்தாலும் இதேதான், இந்த முடிவால லாபமே இல்லாத ஒருத்தர், ஆனா அத பக்கத்துல இருந்து பாத்தவர், அவர தேடிப் புடிங்க.

பெரிய முடிவுன்னா இன்னொன்னும் செய்ங்க, இது எனக்கு ரொம்ப புடிச்சது. கேரி க்ளைன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 2007ல எழுதினது, ப்ரீமார்ட்டம்னு பேரு. ஒரு வருஷம் கழிச்சு இது மொத்தமா ஊத்திக்கிச்சுன்னு வச்சுக்கிட்டு, ஏன் ஊத்திக்கிச்சுன்னு ஆளாளுக்கு தனித்தனியா எழுதணும். தம்பி அம்பத்தூர்ல டிஃபன் கடை போடுறான்னா வீட்டுல எல்லார் கையிலயும் ஒரு பேப்பர் குடுங்க. நல்ல காரியத்துக்கு முன்னாடி அபசகுனமா பேசக் கூடாதுன்னு வாய மூடிட்டு இருந்த அம்மா, தீபாவளிக்கு ஊருக்குப் போன மாஸ்டர் திரும்பி வரலன்னு எழுதுவாங்க. அது நடக்கக் கூடிய விஷயம்தான, அப்போ கடை தெறக்குறதுக்கு முன்னாடியே ரெண்டாவது ஆளுக்கு தோசக்கல்லு பழக்கி வைக்கலாம்.

ஆரம்பிச்சத விட முடியாம தவிக்கிறவங்களுக்கு ஒண்ணு. மூணு வருஷமா டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறேன், இப்போ எப்படி விடுறதுன்னு கேக்குறாங்க, போன மூணு வருஷம் நீங்க தொடர்ந்தாலும் விட்டாலும் திரும்ப வராது. இன்னிக்குதான் புதுசா ஆரம்பிக்கிறேன்னா இதத் தேர்ந்தெடுப்பேனான்னு கேட்டுப் பாருங்க. ஆமான்னா தாராளமா படிங்க, ஆனா எந்த எக்ஸாம் வரைக்கும்னு இப்பவே எழுதி வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க.

கடைசியா அந்த நோட்டு. பெரிய முடிவு ஒவ்வொண்ணுக்கும் தேதி, என்ன முடிவு, ஏன், என்ன நடக்கும்னு எதிர்பாக்குறீங்க, அன்னிக்கு என்ன மனநிலைல இருந்தீங்க, அவ்ளோதான், அஞ்சு வரி. ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாக்க ஃபோன்ல ரிமைண்டர் போட்டுக்கோங்க. படிக்கும்போது ரிசல்ட்ட மட்டும் பாக்காதீங்க, குருட்டாம்போக்குல நல்லா முடிஞ்சதும் இருக்கும், எல்லாம் விசாரிச்சும் கவுந்ததும் இருக்கும், அன்னிக்கு கைல இருந்த தகவலுக்கு யோசிச்சது சரியான்னு பாருங்க. கோவத்துல எடுத்தது, தூக்கமில்லாம எடுத்தது தனியா தெரிஞ்சா அதுக்குப் பக்கத்துல ஒரு டிக் போடுங்க, அடுத்த தடவ அதே மாதிரி நேரம் வரும்போது முடிவச் சொல்லி எழுதின மெயில டிராஃப்ட்லயே விட்டுட்டு காலைல படிச்சுப் பாத்து அனுப்பிக்கலாம்.