கச்சான் ஒவ்வாமைச் சிகிச்சை: வீட்டில் கொடுக்கும் அளவு

ஒவ்வாத உணவையே மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவதுதான் வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை. முதல் அளவும், அளவு கூட்டும் ஒவ்வொரு நாளும் வைத்தியசாலையில்தான். முட்டு (ஆஸ்துமா) கட்டுக்குள் வராத பிள்ளைக்குத் தொடங்கவே கூடாது. அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற பால்ஃபோர்சியா தூளில் முதல் அளவு 0.5 மில்லிகிராம் புரதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் வரை கூட்டி, பிறகு அந்த அளவையே தொடர்வார்கள். இடைப்பட்ட நாட்களில் அதே அளவை வீட்டில் கொடுக்க வேண்டும். கோளாறு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

வைத்தியர் எழுதுவது புரதத்தின் எடை, கச்சானின் எடை அல்ல. வறுத்த கச்சானில் ஏறக்குறைய கால்பங்குதான் புரதம். ஆகவே 300 மில்லிகிராம் புரதத்துக்கு 1.2 கிராம் கச்சான் வேண்டும். சமையல் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு தேவை. அவித்த கச்சானுக்கு வீரியம் குறைவு. அதைத் தாங்கிய பிள்ளைக்கு முறிகண்டியில் வாங்கிய வறுத்த கச்சானை அதே எடையில் கொடுத்தால் ஆபத்து. கச்சான் மா கொடுப்பதென்றால் அதன் வகையையும் வைத்தியரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். இரண்டு கரண்டி தயிரில் குழைத்துக் கொடுங்கள். சூடான கஞ்சி வேண்டாம்.

காலையில் கொடுத்துவிட்டு வெயிலில் சைக்கிள் மிதிக்க விட்டால், நேற்று ஒன்றும் செய்யாத அளவே இன்று உடம்பைத் தடிக்க வைக்கும். சுடுநீர்க் குளிப்பு, வெறும் வயிறு, நித்திரைக் குறைவு, ஐபுபுரூஃபன் எல்லாமே அப்படித்தான். பின்னேரம் விளையாடிக் களைப்பாறி, சாப்பிட்ட பிறகு கொடுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் ஓட்டமும் இல்லை, படுக்கையும் இல்லை. காய்ச்சலென்றால் கொடுக்காமல் வைத்தியரைக் கேளுங்கள். மூன்று நாள் தவறினால் வீட்டில் மீண்டும் தொடங்கக் கூடாது.

வாய் அரிப்பும் நாலைந்து தடிப்பும் மட்டுமென்றால் வைத்தியர் தந்த ஒவ்வாமைக் குளிசை போதும். இருமல், இழுப்பு, குரலடைப்பு, தொடர் வாந்தி, மயக்கம் கண்டால் உடனே அட்ரினலின், தொடையின் வெளிப்புறத் தசையில். 1:1000 என்று எழுதிய அம்பூலில் (கண்ணாடி மருந்துக் குப்பி) உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிலீற்றர்; 20 கிலோப் பிள்ளைக்கு 0.2 மில்லிலீற்றர். ஊசி போடும் முறையை வைத்தியரிடம் முன்பே பழகிக்கொள்ளுங்கள். அம்பூலை மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்தால் வன்னி வெயிலில் கெட்டுவிடும். நிறம் மாறியதை எறியுங்கள்.

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் அம்புலன்ஸ் வந்து சேர நேரமெடுக்கும். ஆகவே ஊசி முதலில், 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைப்பு அதன் பிறகு. பிள்ளையைப் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் இருத்துங்கள், நடக்க விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாம் ஊசி. தெளிந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பவும் வரலாம்.