சார்ட்டர் பள்ளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கலிஃபோர்னியா கல்வி வாரியங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ட்டர் பள்ளி என்பது கட்டணம் வாங்காமல், அரசுப் பணத்தில், தனி நிர்வாகக் குழு நடத்தும் பொதுப் பள்ளி. நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளி நினைவுக்கு வரும். ஆனால் இங்கே ஒப்பந்தத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி நெருங்கும்போது, அனுமதி கொடுத்த பள்ளி மாவட்டத்தின் கல்வி வாரியம் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்து, பள்ளி தொடரலாமா என்று வாக்களிக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் சார்ட்டர் சட்டம் 1992-இல் வந்தது. புதுப்பித்தல் விதிகளை 2019-இல் நிறைவேறிய ஏபி 1505 என்ற சட்டம் தலைகீழாக மாற்றியது. 2020 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாரியங்கள் சறுக்குவதற்கு முக்கியக் காரணம், ‘இது நல்ல பள்ளியா’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வருவதுதான். சட்டம் கேட்கும் கேள்விகள் அதைவிடக் குறுகியவை. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கோப்பில் இருந்தாக வேண்டும்.

புதிய விண்ணப்பம் போல நடத்துவது

புதிதாகத் தொடங்க வரும் பள்ளியைப் பார்த்து, ‘உங்களால் எங்கள் மாவட்டத்தின் வருமானம் குறையும், தாங்க மாட்டோம்’ என்று சொல்லி மறுக்க 2019 சட்டம் இடம் கொடுத்தது. ஏற்கெனவே நடக்கும் பள்ளியின் புதுப்பித்தலில் அந்தக் காரணத்தைப் பயன்படுத்தக் கூடாது. ‘இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பள்ளி தேவையில்லை’ என்ற காரணத்துக்கும் இதே விதிதான். பள்ளி தன்னை விரிவாக்கக் கேட்டால் மட்டும் அந்தப் பகுதிக்கு இவை பொருந்தும். வாரிய உறுப்பினர் ஒருவர் ஒலிவாங்கியில், “இந்தப் பள்ளியால் நமக்கு எத்தனை லட்சம் நட்டம் தெரியுமா?” என்று கேட்டுவிட்டால், மறுப்பு முடிவுக்கு அடியில் அந்த ஒரு வாக்கியம் வெடி வைத்ததுபோல் கிடக்கும். மேல்முறையீட்டில் பள்ளியின் வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புதுப்பித்தல் மனுவுக்குக் கையெழுத்து திரட்டத் தேவையில்லை. ஆனால் முந்தைய ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த சட்டங்களை எல்லாம் பள்ளி எப்படிக் கடைப்பிடிக்கும் என்ற விவரம் மனுவில் இருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முந்தைய மனுவில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் பள்ளிகள் உண்டு. பழையதையும் புதியதையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டால் அரை நாளில் தெரிந்துவிடும்.

எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் தவறாகக் கணிப்பது

சட்டம் பள்ளிகளை மேல், நடு, கீழ் என்று மூன்று படிகளாகப் பிரிக்கிறது. மேல்படிக்கு 5 முதல் 7 ஆண்டுகள் வரை புதுப்பிக்கலாம். நடுப்படிக்கு 5 ஆண்டுகள். கீழ்ப்படியில் இருந்தால் மறுப்பதே பொது விதி; விதிவிலக்காகக் கொடுத்தால் 2 ஆண்டுகள் மட்டும். ‘நடுப்படிப் பள்ளிதான், கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, மூன்று வருடம் கொடுத்துப் பார்ப்போம்’ என்று சமரசம் பேசும் வாரியங்கள் உண்டு. அப்படி ஒரு கட்டமே சட்டத்தில் இல்லை.

படியை முடிவு செய்வது, பள்ளிகளின் செயல்பாட்டை மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடும் ‘டாஷ்போர்டு’ என்ற மதிப்பீட்டுப் பலகை. அதில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என ஒரு நிறம் வரும். முடிவுக்கு முந்தைய இரண்டு தொடர்ச்சியான ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு சோதனைகள் இருக்கின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. முதல் சோதனையில் பள்ளி நிறம் பெற்ற எல்லா மாநில அளவீடுகளும் சேரும், இடைநீக்க விகிதம் உட்பட. எல்லாம் பச்சையோ நீலமோ என்றால் மேல்படி; எல்லாம் சிவப்போ ஆரஞ்சோ என்றால் கீழ்ப்படி. இரண்டாவது சோதனை படிப்பு சார்ந்த அளவீடுகளை மட்டும் மாநில சராசரியோடு ஒப்பிடுகிறது: ஆங்கிலம், கணிதம், ஆங்கிலம் கற்கும் மாணவரின் முன்னேற்றம், கல்லூரிக்கும் வேலைக்கும் ஆயத்தம். பள்ளி மொத்தத்தைப் பார்த்த பிறகு, மாநில அளவில் சராசரிக்குக் கீழே நிற்கும் மாணவர் பிரிவுகளில் பெரும்பான்மை இந்தப் பள்ளியில் எப்படிச் செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். இடைநீக்க விகிதத்தையோ தொடர் விடுப்பு விகிதத்தையோ இந்த இரண்டாவது கணக்கில் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

நிறத்தைப் பார்த்து மட்டும் பேசுவதும் ஆபத்து. ஒரு நிறம் இரண்டு விஷயங்கள் கலந்தது: இந்த ஆண்டு நிலை, போன ஆண்டிலிருந்து மாற்றம். ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டு. மொத்தம் 25 கட்டங்கள். ஒரு மஞ்சள் உயரத்திலிருந்து சரிவதாக இருக்கலாம், இன்னொரு மஞ்சள் பள்ளத்திலிருந்து ஏறுவதாக இருக்கலாம். 30 மாணவருக்குக் குறைந்த பிரிவுக்கு நிறமே கிடையாது. சின்னப் பள்ளியில் எந்தப் பிரிவுக்கும் நிறம் வராததைப் பார்த்து, எந்தப் பிரிவிலும் சிக்கல் இல்லை என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது. 2020, 2021-இல் பெருந்தொற்றால் நிறங்கள் இல்லை. 2022-இல் நிலை மட்டும் வந்தது. நீண்ட காலப் போக்கை வரைபடமாகப் போடுபவர்கள் இந்த இடைவெளியைக் கோடு இழுத்து மூடாமல் அப்படியே விட்டு, ஏன் விட்டோம் என்றும் குறிப்பிட வேண்டும்.

பள்ளியை விட்டு இடையில் நின்றவர்கள் போன்ற மாணவருக்காக நடக்கும் மாற்றுப் பள்ளிகள் இந்தப் படிகளுக்கு வெளியே. அவற்றுக்கு என்ன அளவுகோல் என்பதை ஒப்பந்தக் காலத்தின் முதல் ஆண்டிலேயே இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். கடைசி ஆண்டில் பேச ஆரம்பித்தால் அளக்க எதுவும் சேர்ந்திருக்காது.

தேர்வு எழுதியவர்களை மட்டும் பார்ப்பது

நடுப்படி, கீழ்ப்படிப் பள்ளிகள் கூடுதல் ஆதாரம் கொண்டுவரலாம். ஆனால் மாநிலக் கல்வி வாரியம் ஏற்ற பட்டியலில் உள்ள தேர்வுகளாக இருக்க வேண்டும். என்டபிள்யூஇஏ மேப், ஐ-ரெடி போன்றவை அதில் உண்டு. வளர்ச்சி வரைபடம் அழகாக மேலே போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை சதவீதம் மாணவர் இலையுதிர் காலத்திலும் வசந்த காலத்திலும் இரண்டு முறையும் எழுதினார்கள்? நூற்றுக்கு எழுபது பேர் என்றால் மீதி முப்பது பேர் யார் என்று தெரியாமல் அந்த வரைபடத்துக்கு மதிப்பில்லை.

அடுத்தது, போனவர்களின் கணக்கு. ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்து எட்டாம் வகுப்பில் 41 பேர் மட்டும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். போன 19 பேர் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள் என்றால், பள்ளியின் சராசரி யாரும் கூடுதலாக எதுவும் கற்காமலே ஏறியிருக்கும். இதைப் பிடிக்கச் சட்டமே கருவி கொடுத்திருக்கிறது. கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டு முடிந்ததும், மாநிலக் கல்வித் துறையிடம் வாரியம் கேட்டால், ஆண்டு நடுவில் நின்றவர்கள், அடுத்த அக்டோபர் கணக்கெடுப்புக்குள் வராமல் போனவர்கள், அவர்களின் சராசரித் தேர்வு முடிவு எல்லாம் தொகுத்துக் கிடைக்கும். கேட்டால்தான் கிடைக்கும். மாற்றுத்திறன் மாணவர் விகிதமும் ஆங்கிலம் கற்போர் விகிதமும் அக்கம்பக்கப் பள்ளிகளைவிட வெகு குறைவாக இருந்தால் இந்தத் தரவைக் கேட்காமல் விடுவது மன்னிக்க முடியாத சோம்பல்.

பணக் கணக்கில் தவறான எண்ணைப் பார்ப்பது

ஆண்டு இறுதித் தணிக்கையில் இருப்பு நிதி நன்றாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடுகிறார்கள். அந்த இருப்பில் பெரும்பகுதி மாநிலம் இன்னும் தராத பாக்கியாக இருக்கலாம். பாக்கியை வைத்துச் சம்பளம் போட முடியாது. கையிருப்பு ரொக்கத்தை ஒரு நாள் செலவால் வகுத்துப் பாருங்கள்: ஆண்டுச் செலவு 73 லட்சம் டாலர் என்றால் ஒரு நாளுக்கு 20,000, வங்கியில் 5 லட்சம் இருந்தால் 25 நாள். மேற்பார்வையாளர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது 60 நாள். 30-க்குக் கீழே இறங்கினால், ஏறுமுகமா இறங்குமுகமா என்று கேட்காமல் நகரக் கூடாது.

பிறகு, பட்ஜெட்டில் எழுதிய மாணவர் எண்ணிக்கையையும் உண்மையில் வந்த எண்ணிக்கையையும் ஐந்து வருடத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் பத்து சதவீதம் கூடுதலாகக் கனவு காணும் பள்ளி அடுத்த ஐந்து ஆண்டுத் திட்டத்திலும் அதையே செய்திருக்கும். கட்டடத்தின் சொந்தக்காரர் யார், நிர்வாக நிறுவனத்துக்குப் போகும் கட்டணம் எத்தனை சதவீதம், இருவருக்கும் பள்ளியின் வாரியத்தில் உறவு உண்டா என்பதையும் விடக் கூடாது. 2019-இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, 2020 ஜனவரி 1 முதல் சார்ட்டர் பள்ளிகளும் திறந்த கூட்டச் சட்டத்துக்கும் நலன் முரண் சட்டத்துக்கும் உட்பட்டவை. 2019-இல் சான் டியேகோவில் ஏ3 என்ற இணையவழி சார்ட்டர் பள்ளி நிறுவனத்தின் மோசடி வழக்கில் 11 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டபோது, மேற்பார்வைக் கட்டணம் வாங்கிக்கொண்ட சின்னஞ்சிறு மாவட்டங்கள் என்ன மேற்பார்த்தன என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அந்தக் கட்டணத்தின் பொதுவான உச்சவரம்பு பள்ளி வருவாயில் 1 சதவீதம்.

குறையைக் கடைசி நாளில் சொல்வது

பணத்திலோ நிர்வாகத்திலோ பெரிய குறை இருக்கிறது, அல்லது சேர விரும்பும் எல்லா மாணவரையும் பள்ளி சேர்ப்பதில்லை என்ற காரணத்துக்காக எந்தப் படியில் உள்ள பள்ளியையும் மறுக்கலாம். ஆனால் குறையை எழுத்தில் சொல்லி, குறைந்தது 30 நாள் அறிவிப்போடு, திருத்த நியாயமான வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும். திருத்தத் திட்டம் தோற்றது, அல்லது திட்டமே உதவாத அளவுக்கு மீறல் கடுமையானது என்றும் எழுத வேண்டும். மூன்று வருடமாக எல்லோருக்கும் தெரிந்த குறையாக இருந்தும், கோப்பில் ஒரு கடிதம்கூட இல்லாமல் புதுப்பித்தல் கூட்டத்தில் முதன்முறையாக எடுத்தால் அது நிற்காது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளிக்கு நேரில் போவது சட்டப்படி கட்டாயம். போன தேதி, பார்த்தது, சொன்னது, பதில் வந்ததா என்று ஒரு பக்கக் குறிப்பு அன்றே எழுதி அனுப்பிவிட்டால் போதும்.

நடுப்படி மறுப்பில் பாதி மட்டும் எழுதுவது

நடுப்படிப் பள்ளியை மதிப்பெண் காரணமாக மறுக்க மூன்று முடிவுகள் எழுத்தில் வேண்டும்: ஒன்று, மாணவருக்குப் பயன் தரும் அளவுக்குப் பள்ளி தரத்தை எட்டவும் இல்லை, போதிய முன்னேற்றமும் இல்லை; இரண்டு, மூடுவது மாணவரின் நலனுக்கு நல்லது; மூன்று, இந்த முடிவில் படிப்பு சார்ந்த அளவீடுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்திருக்கிறோம். முதலாவதை இருபது பக்கம் எழுதிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் முடிப்பதுதான் வழக்கம். அந்த இரண்டாவதுதான் கடினமானது. மாணவர்கள் வீட்டிலிருந்து நடந்தோ பேருந்திலோ போகக்கூடிய பள்ளிகள் எவை, அங்கே அந்தந்த வகுப்பில் இடம் உண்டா, அதே பிரிவு மாணவர் அங்கே இதைவிட நன்றாகப் படிக்கிறார்களா என்று பெயர் போட்டுக் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால், மறுப்புக்கே அடித்தளம் இல்லை என்று பொருள்.

நாள்காட்டியை முன்னாலிருந்து போடுவது

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூன் 30-இல் முடிகின்றன. மனு வந்த 60 நாளுக்குள் பொது விசாரணை. 90 நாளுக்குள் முடிவு, இருவரும் ஒத்துக்கொண்டால் மேலும் 30 நாள். அலுவலர் பரிந்துரையும் காரணங்களும் முடிவுக் கூட்டத்துக்கு 15 நாள் முன்பே வெளியாக வேண்டும். கூட்டத்தில் பள்ளிக்குச் சம நேரம் தர வேண்டும். மறுத்தால் பள்ளிக்கு 30 நாளில், பள்ளி மாவட்டத்துக்கு மேலே உள்ள கவுண்டியின் கல்வி வாரியத்திடம் மேல்முறையீடு. அங்கேயும் ஏறத்தாழ அதே 90 நாள். அதன்பின் மாநில வாரியம். ஜனவரி கடைசியில் மறுத்தால் கவுண்டி முடிவு மே கடைசிக்கு வந்துவிடும், மாநில வாரியத்துக்கு ஒரு மாதம்தான் மிஞ்சும். ஆகவே ஜூன் 30-இலிருந்து பின்னோக்கி எண்ணி, செப்டம்பர் அல்லது அக்டோபரில் மனு வாங்கும்படி முந்தைய வசந்தத்திலேயே பள்ளிக்கு எழுதிவிடுங்கள். புதிய டாஷ்போர்டு நவம்பர், டிசம்பர் வாக்கில்தான் வரும். மனு கையில் இருக்கும்போதே படி மாறலாம் என்பதால், அது வந்தபின் அலுவலர் அறிக்கையைத் திருத்த இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

மறுப்பு உறுதியாகிவிடும் சாத்தியம் இருந்தால், மூடும் வேலைக்கான பட்டியலையும் அதே நாள்காட்டியில் சேர்க்க வேண்டும்: மாணவர் பதிவேடுகள் யாரிடம் போகும், பெற்றோருக்குக் கடிதம் எந்தத் தேதியில் எந்த மொழிகளில், ஆசிரியர் ஓய்வூதியக் கணக்குகளுக்கு யார் தகவல் தருவது, கடைசித் தணிக்கைக்குப் பணம் எங்கிருந்து. பக்கத்துப் பள்ளிகளின் சேர்க்கை முடியும் தேதிக்கு முன்பே அந்தக் கடிதம் வீடு போய்ச் சேர வேண்டும்.