டீசல் லாரியின் தெர்மோஸ்டாட்டை மாற்றுவது எப்படி?

எஞ்சின் அதிகமாகச் சூடாகிறதென்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள் என்ற அறிவுரையை, லாரியோடு பழகிய எவரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். அதைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் எஞ்சினைக் குளிர்விக்கும் பாகம் அன்று. எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை விரைவில் எட்டவும், எட்டிய சூட்டிலேயே நிலைத்து நிற்கவும் உதவும் பாகம்.

அதன் நடுவே ஒரு சிறிய உலோகக் குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு ஏறத்தாழ 82 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அந்த மெழுகு உருகிப் பருத்து, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கிறது. அதற்குப் பிறகே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகிறது. அதுவரை அது பைபாஸ் எனும் குறுக்கு வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். பல டீசல் எஞ்சின்களில் இந்த வால்வு திறக்கும்போதே, அதன் அடிப்பக்கத்தில் உள்ள தட்டு பைபாஸ் வழியை அடைத்துவிடும். இத்தகைய எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால், கூலன்ட்டில் பெரும்பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸில் ஓடிவிடும். குளிரட்டும் என்று எடுத்த பாகமே சூடு ஏறக் காரணமாகிவிடுகிறது.

குறை தெர்மோஸ்டாட்டில்தானா?

தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் சூடு கிடுகிடுவென ஏறும். அது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். திறந்தபடியே சிக்கிக்கொள்வதுதான் மெல்லக் கெடுக்கும் குறை. சூடுமானியின் முள் வழக்கமான இடத்துக்கு வராது, கேபின் ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றே வரும், டீசல் செலவு கூடும், புகை வெண்மையாகத் தெரியலாம். குளிர்ந்த சிலிண்டரில் முழுவதும் எரியாத டீசல், சுவரோரமாக வழிந்து எஞ்சின் ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகளும் பிஸ்டன் ரிங்குகளும் தேயும். புகைத் துகள் வடிகட்டி உள்ள லாரிகளில், வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையும் தடைபடும்.

ஆனால் தெர்மோஸ்டாட்டைக் குற்றஞ்சாட்டும் முன், கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா, ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரேடியேட்டரின் வெளி இடுக்குகளில் தூசியும் பூச்சிகளும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால், அந்த ஹோஸ் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து, சூடுமானி இயல்பான அளவை நெருங்கும்போது சட்டெனச் சூடாகும். எஞ்சின் சூடாகச் சூடாக ஹோஸும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து சூடானால் வால்வு திறந்தே கிடக்கிறது என்று பொருள். ஃபேன் சுழலும் இடத்தில் கையையோ சட்டைக் கையையோ கொண்டுபோகாதீர்கள்; தொடாமல் சூடு அளக்கும் கருவி இருந்தால் இந்தச் சோதனைக்கு அதுவே மேல்.

கழற்றுதல்

லாரியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கேபினைச் சாய்க்கும் வண்டியானால் பூட்டு விழுந்துவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். எஞ்சின் முழுவதும் ஆறும் வரை காத்திருங்கள். பெரிய எஞ்சினுக்குச் சில மணி நேரம் ஆகும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த கூலன்ட் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். இந்த வேலையில் ஏற்படும் மோசமான தீக்காயங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கின்றன.

ஆறிய பின் மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடித்திருகைத் தளர்த்திச் சுத்தமான பாத்திரத்தில் கூலன்ட்டைப் பிடியுங்கள். பெரிய லாரியில் 30, 40 லிட்டர் வரைகூட இருக்கும். முழுவதையும் வடிக்க வேண்டியதில்லை, தெர்மோஸ்டாட் இருக்கும் மட்டத்துக்குக் கீழே இறங்கினால் போதும். வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். அது இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் அவற்றின் உயிரைப் பறிக்கும் நஞ்சு.

மேல் ஹோஸ் எஞ்சினோடு சேருமிடத்தில் உள்ள ஹவுசிங் எனும் கூட்டுக்குள்தான் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் இருக்கும். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைத் திருகி எடுங்கள். வராவிட்டால் இழுத்துக் கிழிக்காமல், விளிம்பில் மழுங்கிய கருவி ஒன்றை நுழைத்து விடுவியுங்கள். போல்ட்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுபடக்கூடும் என்பதால், எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் வரைந்து அதிலேயே குத்தி வையுங்கள். தெர்மோஸ்டாட்டை வெளியே எடுக்கும் முன், அதன் எந்தப் பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்பதை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில எஞ்சின்களில் இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் இருக்கும். ஒன்று கெட்டிருந்தாலும் இரண்டையும் மாற்றுவதே முறை.

வெந்நீர்ச் சோதனை

புதியதுதானே என்று அப்படியே பொருத்திவிடாதீர்கள். ஒரு பாத்திரத்தில் நீர் ஊற்றி, பழையதையும் புதியதையும் நூலில் கட்டி, அடியைத் தொடாதபடி தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டு அடுப்பை மெல்ல எரியவிடுங்கள். திறக்கத் தொடங்கும் சூடு தெர்மோஸ்டாட்டின் விளிம்பிலேயே எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை நெருங்கும்போது வால்வு ஒரு மயிரிழை விலகும், பின் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும், மேலும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் முழுவதும் திறந்துவிடும். அடுப்பை அணைத்து நீர் ஆறும்போது அது முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும். பழையது பாதி திறந்தபடியே நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், நோய் எது என்பதில் ஐயமே இராது. எண் மாறிய தெர்மோஸ்டாட்டை, சற்றுக் குளிர்ச்சியாக ஓடட்டும் என்ற எண்ணத்தில் வாங்க வேண்டாம். தயாரிப்பாளர் குறித்த எண்ணையே வாங்குங்கள்.

பொருத்துதல்

பழைய கேஸ்கெட்டை (இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகட்டை) மரத்தகட்டாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டுங்கள். இரும்பால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் விழும் கீறல் வழியாகவே பின்னால் கசியும். சுரண்டும் முன் துளையைச் சுத்தமான துணியால் அடைத்து, முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் எஞ்சின் பக்கம் நோக்க வேண்டும். தலைகீழாக வைத்தால், சூடான கூலன்ட் குப்பியைச் சரியாகத் தொடாமல் வால்வு திறக்கத் தாமதமாகும், எஞ்சின் கொதித்துவிடும். விளிம்பில் சிறு துளையோ, ஆடும் ஊசியோ இருந்தால் அது மேற்புறம் இருக்கட்டும். காற்று வெளியேறும் வழி அது.

ரப்பர் வளையம் உள்ள தெர்மோஸ்டாட்டுக்குச் சிலிக்கான் பசை வேண்டாம். பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ரேடியேட்டரின் குறுகிய குழாய்களை அடைக்கும். போல்ட்டுகளைக் கையால் முழுவதும் ஓட்டிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முடிவாக, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய ஹவுசிங்கில் விரிசல் விழும்.

நிரப்புதலும் காற்றை வெளியேற்றுதலும்

கூலன்ட்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் பாதிக்குப் பாதி கலப்பது பொதுவான அளவு. குழாய் நீரில் உள்ள உப்பு, சிலிண்டர் சுவரில் படிந்து சூட்டை வெளியேறவிடாது. நிறம் ஒன்றாக இருப்பதால் கூலன்ட் வகையும் ஒன்று என்று நம்பாதீர்கள். கலந்தால் கூழாகிவிடும் வகைகளும் உண்டு. கூலன்ட் லைனரை, அதாவது பிஸ்டன் ஓடும் உருளை உறையை, நேரடியாகத் தொடும் பெரிய எஞ்சின்களில், லைனரின் அதிர்வால் குமிழிகள் உண்டாகி உடைந்து உலோகத்தைத் துளைத்துவிடும் என்பதால், கனரக டீசலுக்கென்றே தயாரித்த கூலன்ட்தான் தேவை.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுத் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழிகள் அடங்கும்படி மெல்ல ஊற்றுங்கள். திருகின் வழியே காற்றின்றிக் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். எஞ்சினை இயக்கி, மேல் ஹோஸ் சூடாகும் வரை விட்டு, கசிவு உண்டா என்று ஹவுசிங்கைச் சுற்றிப் பாருங்கள். சூடுமானி ஏறி, திடீரென இறங்கி, மறுபடி ஏறினாலோ, கேபினில் களகளவென்ற ஓசை கேட்டாலோ, உள்ளே சிக்கிய காற்று (ஏர் லாக்) இன்னும் இருக்கிறது.

டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் எரிபொருளைக் குறைவாகவே எரிப்பதால், அரைமணி நேரம் ஓடவிட்டாலும் முழுச் சூட்டை எட்டாமல் போகலாம். ஆயில் அழுத்தம் ஏறிய சில நிமிடங்களில் மெதுவாக நகர்த்தி, சூடு வந்த பிறகே முழு வேகம் கொடுங்கள். ஆகவே புதிய தெர்மோஸ்டாட்டின் உண்மையான சோதனையும் சுமையோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான். முள் இயல்பான இடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். மறுநாள் காலை எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். எஞ்சியிருந்த காற்று வெளியேறியிருந்தால் அது சற்றுத் தாழ்ந்திருக்கும்; குறியிட்ட கோடு வரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். அடுத்தடுத்த நாள்களிலும் தாழ்ந்துகொண்டே போனால், ஹவுசிங் விளிம்பில் கசிவின் காய்ந்த தடம் உள்ளதா என்று விளக்கடித்துத் தேடுங்கள்.