துருக்கி மொழி படிக்கிறீர்களா? உடைமை முதலில், வேற்றுமை பிறகு

வேற்றுமை உருபு நமக்குப் புதிதல்ல. துருக்கியில் 'எவ்' என்றால் வீடு, 'எவ்தெ' என்றால் வீட்டில். தடுமாற வைப்பது உடைமை விகுதிதான். 'என்', 'உன்' என்று நாம் முன்னால் சொல்வது அங்கே பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'எவ்லெரிம்தெ' என்றால் 'என் வீடுகளில்': எவ் (பெயர்), லெர் (பன்மை), இம் (என்), தெ (இல்). இந்த வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள், மாறவே மாறாது.

படர்க்கையில் கூடுதல் கவனம் தேவை. 'எவி' என்றால் அவர் வீடு. அதோடு வேற்றுமை சேரும்போது, நம் சாரியை மாதிரி நடுவில் ஒரு 'ன்' வரும்: எவி+ன்+தெ, 'எவிந்தெ'. சிக்கல் என்னவென்றால், 'உன் வீட்டில்' என்பதற்கும் அதே வடிவம்தான்! அதனால் பயிற்சிக்கு உயிரெழுத்தில் முடியும் சொல்லை எடுங்கள். 'அரபா' என்றால் கார். உன் காரில் என்பது 'அரபாந்தா'. அவர் காரில் என்பது 'அரபாஸுந்தா'. வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

'அலியின் கார்' என்பதில் நாம் அலிக்கு மட்டும் உருபு போடுகிறோம். அங்கே இரண்டுக்கும் வேண்டும்: 'அலினின் அரபாஸு'. தமிழர்கள் விட்டுவிட வாய்ப்புள்ளது அந்த இரண்டாவது விகுதியைத்தான்.

அந்த 'ஸு'வில் உதட்டைக் குவிக்காதீர்கள். 'காசு' என்பதன் கடைசியில் வரும் குற்றியலுகரம் மாதிரி சொன்னால் சரியாக வரும்.