ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

ஃப்ளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்ட் ஒரே பார்க் இல்லை. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தனித்தனி பார்க், அதுபோக இரண்டு வாட்டர் பார்க், ஏகப்பட்ட ஹோட்டல்கள், எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 100 சதுர கிலோமீட்டர். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் வேறு கதை, அங்கே இரண்டு பார்க்கும் எதிரெதிரே இருக்கும், இரண்டு மூன்று நாளில் நிம்மதியாகப் பார்த்துவிடலாம். அங்கே போய்வந்த நண்பர் சொல்கிறார் என்று ஆர்லாண்டோவுக்கும் சனி ஞாயிறு மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

நான் யார் கேட்டாலும் சொல்வது இதுதான்: ஒரு பார்க்குக்கு ஒரு முழு நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு, போய் இறங்குகிற நாளையும் கிளம்புகிற நாளையும் பார்க் நாளாக எண்ணவே கூடாது. அப்படிப் பார்த்தால் நான்கு பார்க்குக்கு 7 நாள், 6 இரவு. ரொம்ப அதிகம் என்று தோன்றினால் நாளைக் குறையுங்கள், ஆனால் கூடவே பார்க்கையும் குறையுங்கள். ஓய்வு நாளை மட்டும் வெட்டிவிட்டு நான்கையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்கிறவர்கள்தான் மூன்றாம் நாள் மதியம் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள்.

இறங்குகிற நாளை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், மதியம் விமானம் இறங்கி, பெட்டி எடுத்து, வாடகைக் கார் வாங்கி, ஹோட்டலில் அறை கிடைப்பதற்குள் மாலை ஆகிவிடும். மீதி மூன்று மணி நேரத்துக்காக ஆளுக்கு 100 டாலருக்கு மேல் கொடுப்பது வீண் (விலை தேதியைப் பொறுத்து மாறும், கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் 200 டாலரையும் தாண்டுகிறது). நான்கு நாள் டிக்கெட்டைத் தொடங்கும் தேதியிலிருந்து 7 நாளுக்குள் பயன்படுத்தினால் போதும், அதனால் நடுவில் ஓய்வு நாள் வைப்பதில் டிக்கெட் எதுவும் வீணாகாது.

நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான டிக்கெட் விலை குறைந்துகொண்டே போகும், இதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஐந்தாம் நாளுக்கான டிக்கெட் மலிவாகத் தெரியலாம், ஆனால் அந்த ஒரு நாளுக்காக இன்னொரு இரவு ஹோட்டல், மூன்று வேளைச் சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் சேரும். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த பார்க்கை விடலாம் என்பது பெரும்பாலும் குழந்தையின் உயரத்தில் இருக்கிறது. வீட்டிலேயே அளந்து பாருங்கள். 97 சென்டிமீட்டர் இல்லாத குழந்தைக்கு ஹாலிவுட் ஸ்டூடியோஸில் பெரிய ரைடுகள் பெரும்பாலும் கிடைக்காது, அதை யோசிக்காமல் விட்டுவிடலாம். மேஜிக் கிங்டமில் அப்படி இல்லை, கைக்குழந்தையோடு ஏறக்கூடிய ரைடுகளே நிறைய உண்டு. சின்னக் குழந்தைகள் இருந்து, கூடுதலாக ஒரு நாள் கையில் இருந்தால் அதை மேஜிக் கிங்டமுக்கே கொடுங்கள். காரில் போகிறவர்கள் நேராக வாசலில் போய் இறங்க முடியாது, ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு மோனோ ரயிலிலோ படகிலோ போக வேண்டும். போக வர ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரவு வாணவேடிக்கை வரை இருக்கப் போகிறீர்கள் என்றால் மறுநாள் காலை சீக்கிரம் எழுந்துபோகிற பார்க்கை வைக்காதீர்கள்.

அனிமல் கிங்டம் காலை நேர பார்க். சஃபாரியில் விலங்குகள் வெயில் ஏறுவதற்கு முன்தான் நடமாடும், மற்ற பார்க்குகளைவிடச் சீக்கிரம் மூடியும்விடுவார்கள். இந்தியாவிலிருந்து நேராக வருகிறவர்கள் இதையே முதல் நாளாக வையுங்கள். கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம், எப்படியும் விடியற்காலை மூன்று மணிக்கு வீடே விழித்திருக்கும், மாலை நாலு மணிக்குக் கண் சொருகும். அந்தத் தூக்கக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான பார்க் இல்லை. எப்காட் இதற்கு நேர் எதிர், மாலையில்தான் அழகு. ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள், ஒரு சுற்று நடந்தாலே இரண்டு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுக்கு மிகவும் பிடிக்கப்போவது இதுதான் என்று நினைக்கிறேன், சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுக்கக் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம் பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியமானால் இடியும் மழையும் சகஜம், பக்கத்தில் மின்னல் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பள்ளி விடுமுறை என்பதால் நம்மவர்கள் அதிகம் போவதும் அப்போதுதான். காலையில் பார்க், மதியம் அறைக்குத் திரும்பிக் குளித்துத் தூங்கி, மாலை மறுபடியும் என்று போனால்தான் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தாங்கும். இப்படிப் போனால் ஒரு நாளில் பாதிதான் முடியும், அதனால் கோடையில் ஒரு நாள் கூடுதலாக வைப்பது நல்லது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களில் நாட்களைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேனுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். தேதி உங்கள் கையில் இருந்தால் ஜனவரி பிற்பகுதியைப் பாருங்கள், கூட்டமும் வெயிலும் குறைவு.

ஆர்லாண்டோவிலேயே இருக்கும், டிஸ்னியைச் சேராத யுனிவர்சல் பார்க்குகளையும் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் பழைய இரண்டு பார்க்குக்கு இரண்டு நாள், 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸுக்கு ஒரு நாள் என்று மூன்று நாள் கேட்கும். ஒரே பயணத்தில் ஏழு பார்க் யாருக்கும் வேண்டாம். பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் டிஸ்னியில் இரண்டை விட்டுவிட்டு யுனிவர்சலுக்கு அந்த நாட்களைக் கொடுங்கள். கென்னடி விண்வெளி மையம் காரில் ஒரு மணி நேரத் தூரம்தான், ராக்கெட் பிடித்த பிள்ளைக்கு ஒரு முழு நாள் கொடுத்தாலும் தகும், ஆனால் அதை ஓய்வு நாள் கணக்கில் எழுதாதீர்கள்.

மூன்று இரவுதான் முடியும் என்கிறவர்களுக்கு இரண்டு பார்க் நாள் கிடைக்கும். சின்னக் குழந்தைகள் என்றால் மேஜிக் கிங்டமும் அனிமல் கிங்டமும், கொஞ்சம் வளர்ந்தவர்கள் என்றால் ஹாலிவுட் ஸ்டூடியோஸும் எப்காட்டும். கிளம்புகிற நாள் விமானம் மாலையில் இருந்தால் டிஸ்னியின் கடைத்தெருவான டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ் போகலாம், அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, வாங்க நினைத்த பொம்மைகளை எல்லாம் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம்.